நான்கு மணிப் படகு

கடலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கப்பலில் வேலை பார்த்தவன் நான். இதைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தக் கப்பல் மதுரைக்குக் கிழக்கே பத்து மைலில், திருவாதவூர் போகிற பாதையில், ஒரு கண்மாய்க் கரையில் நின்றது. அங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்க ஒரு நாளாகும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. கப்பல்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. நம் பக்கத்துப் பையன்களை நேராகப் பம்பாய்க்கு ஏற்றி அனுப்பினால் பாதிப்பேர் பாய்மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டார்களாம். அதனால் முதல் மூன்று மாதம் உள்ளூரிலேயே பழக்கி அனுப்பலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். பொட்டல் தரையில் சுண்ணாம்பு அடித்த கற்களைப் பதித்து ஒரு கப்பலின் உருவத்தை வரைந்தார்கள். முன்பக்கம் கூராக, பின்பக்கம் அகலமாக இருக்கும். நடுவில் அறுபதடி உயரத்துக்குப் பாய்மரம். அதில் குறுக்குக் கட்டைகள், கயிற்று ஏணி, நிஜமான பாய்கள். அடியில் பலகைத் தளம். பக்கத்தில் ஒரு நீளமான ஓலைக் கொட்டகை, அதற்குள் வரிசையாக முப்பது தூளிகள். பதினாறு வயசில் எங்களை மறுபடியும் தொட்டிலில் போட்டுவிட்டார்கள் என்று முதல் நாள் எல்லோரும் சிரித்தோம். அன்று பாதிப்பேர் தூளியிலிருந்து விழுந்தார்கள். நான் மூன்று தடவை விழுந்தேன்.

கல் வரிசைக்கு உள்ளே கப்பல், வெளியே கடல். இது எங்கள் கேப்டனின் சட்டம். அவர் நாகப்பட்டினத்துக்காரர், கப்பல்களில் முப்பது வருஷம் கழித்து ஓய்வு பெற்றவர். யாராவது மறந்துபோய்க் கல்லைத் தாண்டிக் கால் வைத்தால் தண்ணீரில் விழுந்துவிட்டதாக அர்த்தம். உடனே மணியடிக்க வேண்டும். கயிறு வீச வேண்டும். விழுந்தவன் புழுதியில் படுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நாங்கள் அவனை இழுத்து மேலேற்ற வேண்டும். சட்டை முதுகெல்லாம் கிழிந்துவிடும். ஆட்டுக்கார அம்மா ஒருவர் மட்டும் தினமும் காலையில் தன் ஆடுகளோடு அந்தக் கடலைக் குறுக்கே நடந்து கடந்து போவார். ஆடுகள் சில சமயம் தளத்திலும் ஏறும். கேப்டன் அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொள்வார்.

காலை ஐந்து மணிக்கு விசில். தூளியைச் சுருட்டி ஏழு கட்டுப் போட்டு அடுக்கிவிட்டு, தேங்காய் மட்டையும் மணலும் கொண்டு பலகைத் தளத்தை முட்டிபோட்டுத் தேய்க்க வேண்டும். மார்கழியிலும் கிணற்றுத் தண்ணீரை வாரி இறைத்துத் தேய்ப்போம். பிறகு கோதுமைக் கஞ்சி. எட்டு மணிக்குக் கொடியேற்றம். அதன்பின் முடிச்சுப் போடுவது, பாய் ஏற்றி இறக்குவது, கிழிந்த பாயைத் தைப்பது, பாய்மரம் ஏறுவது. கண்மாயில் தண்ணீர் இருந்த மாதங்களில் ஒரு சின்னப் பாய்ப்படகும் விட்டார்கள். ஆறு ஆறு பேராக ஏறி, கரைக்கும் நடுவில் இருந்த கருவேல மரத்துக்குமாகப் போய்ப் போய் வருவோம். அரை மணிக்கு ஒரு தடவை மணி. அந்த மணிச் சத்தம் கேட்டு வயலில் வேலை செய்தவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். எங்களால் யுத்தத்துக்கு என்ன பிரயோஜனமோ தெரியாது. அவர்களுக்கு நேரம் தெரிந்தது.

எல்லாவற்றையும்விட விசித்திரம் கரைப் படகு. கப்பலை விட்டு வெளியே போகிறவர்கள் படகில்தானே போயாக வேண்டும்? ஆகவே காலை பத்து மணிக்கு ஒரு படகு, மாலை நான்கு மணிக்கு ஒரு படகு. விடுப்புக் கிடைத்தவர்கள் வாசலருகே இரண்டு இரண்டு பேராக வரிசையில் நிற்க வேண்டும். நகம், பொத்தான், தலைமுடி எல்லாம் பார்ப்பார்கள். மணி அடித்ததும் "படகு புறப்பட்டது" என்று காவல்காரப் பையன் குரல் கொடுப்பான். வரிசை நடந்து வெளியே போகும். வண்டிப்பாதையை அடைந்ததும் வரிசை கலைந்து ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். ஒரு நிமிஷம் பிந்தி வந்தவன் படகைத் தவறவிட்டவன். இருபதடி தூரத்தில் தன் சேக்காளிகள் பீடி பற்ற வைப்பதைப் பார்த்துக்கொண்டு அவன் வாசலில் நிற்பான். நடுவில் தண்ணீர் இருக்கிறதே!

மற்றவர்கள் இதையெல்லாம் கேலி செய்தார்கள். நான் செய்யவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உசிலம்பட்டிக்கு மேற்கே வானம் பார்த்த பூமியில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் எதற்கும் நேரம் காலம் கிடையாது. மழை வந்தால் வேலை, வராவிட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருப்பது. இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி இருந்தது, ஒரு முறை இருந்தது. கல் வரிசைக்கு வெளியே தண்ணீர் இருப்பதாக நான் மெய்யாகவே நம்பத் தொடங்கியிருந்தேன். வேலையில் இருக்கும்போது ஒருவரையொருவர் நம்பர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பதும் சட்டம். என் நம்பர் பதினொன்று. அந்தச் சட்டத்தை நான் மீறியது ஒருவன் விஷயத்தில் மட்டும்தான்.

அவன் பதினெட்டாம் நம்பர். மதுரை தெற்குவாசல் பக்கம் குடை தைத்து விற்கிற ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பையன். குடைத்துணி தைத்துப் பழகிய கை என்பதால் பாய் தைப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. மூன்று விரலில் ஊசியைப் பிடித்து அவன் தைக்கிற வேகத்தைப் பார்த்துக் கேப்டனே நின்றுவிடுவார். எங்கள் பக்கத்தில் முஸ்லிம்களும் நாங்களும் மாமன் மாப்பிள்ளை முறை சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். அவன் என்னை மாப்ள என்றான், நானும் அவனை மாப்ள என்றேன். வேலையிலும் அப்படித்தான். இரண்டு தடவை அதற்காகச் சேர்ந்தே தண்டனை வாங்கினோம்.

அவனுடைய அம்மாவுக்கு அவன் கப்பலுக்கு வந்ததில் துளியும் சம்மதமில்லை. அவருடைய கூடப்பிறந்த தம்பி ஒருவர் பினாங்குக்குக் கப்பலேறிப் போனவர், போனவர்தான். அதனால் மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று அந்த அம்மா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டுவிட்டார். இவன் இரண்டு தடவை, போயிட்டு வாரேன் என்று சொல்லிப் பார்த்தான். அவர் திரும்பவில்லை. இவனும் கோபத்தில் முகத்தைப் பார்க்காமலே வந்துவிட்டான்.

பாய்மரத்தின் உச்சிக்கு ஏறும்போதெல்லாம் அவன் மேற்கே பார்ப்பான். ஆனைமலை படுத்துக்கிடந்து ஊரை மறைக்கும். இந்த மலையை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் எங்கள் வீட்டு மொட்டை மாடி தெரியும் என்பான். அந்த மலை யானையே எழுந்து போனாலும் பத்து மைலில் உன் வீட்டு மாடி தெரியாது என்று நான் சொல்வேன். அவனுக்குக் கோபம் வரும்.

இரண்டாவது மாதத்தில் வீட்டிலிருந்து ஒரு கார்டு வந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை என்று அக்கா எழுதியிருந்தாள். அவன் விடுப்புக் கேட்டான். சனிக்கிழமை காலைப் படகில் போகலாம் என்றார் கேப்டன். அது திங்கட்கிழமை. அன்றிலிருந்து அவன் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை கிணற்றடியில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ வாசக் காவல்ல நிக்கிறப்ப எங்க வீட்டு ஆளு யாராச்சும் வந்தா, நான் எங்க இருந்தாலும் கூப்பிட்டுரு மாப்ள. பாய்மரத்து உச்சியில இருந்தாலும் சரி. நான் அம்மா மொகத்தப் பாக்காம வந்துட்டேன்."

கூப்பிடுகிறேன் என்றேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னான்; செய்தேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை எனக்கு வாசல் காவல். பத்து மணிப் படகு புறப்பட்டுப் போய்விட்டது. கேப்டன் ஆறு பேரைப் பாய்ப்படகில் ஏற்றிக்கொண்டு கண்மாய்க்குள் போயிருந்தார். அந்த ஆறு பேரில் பதினெட்டாம் நம்பரும் ஒருவன். நான் நின்ற இடத்திலிருந்து வெள்ளைப் பாய் நன்றாகத் தெரிந்தது. காற்று விழுந்துபோய், படகு கருவேல மரத்தருகே அசையாமல் நின்றது.

பத்து மணி பத்து நிமிஷத்துக்கு ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். முப்பது வயசிருக்கும். குடைக்கடையில் வேலை செய்பவர். வேர்த்து ஊற்றியிருந்தது. என் வெள்ளை உடுப்பையும் கழுத்தில் தொங்கிய விசிலையும் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கு அது பெருமையாக இருந்தது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"குடைக்கடை வீட்டுப் பையனோட அம்மா காலையில மௌத்தாயிட்டாங்க தம்பி. அவனச் சட்டுனு அனுப்பி வைங்க. ரொம்ப நேரம் வச்சிருக்க மாட்டோம். நான் மேலூருக்குப் போயி அங்க உள்ள சொந்தக்காரவுகளுக்கும் சொல்லணும்."

"பத்து மணிப் படகு போயிருச்சுண்ணே," என்றேன். "இனி நாலு மணிப் படகுதான்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பொட்டல், வண்டிப்பாதை, ஆட்டுப் புழுக்கை. அவர் முகத்தில் கேலி இல்லை. தன் கண்ணுக்குத்தான் ஏதோ தெரியவில்லை என்று நினைத்தார் போலிருக்கிறது.

"எந்தத் தண்ணியில தம்பி?"

"இது கப்பல்ண்ணே. சட்டம் அப்படி."

"சட்டம்னா சரி தம்பி. ஆனா அவன்கிட்ட இப்பவே சொல்லிருங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மேலூர்ப் பக்கம் போனார்.

படகைத் திரும்ப அழைக்க ஒரு சிவப்புக் கொடி இருந்தது. வாசல் கம்பத்தில் அதை ஏற்றினால் படகு உடனே கரைக்கு வந்துவிட வேண்டும். நெருப்புக்கும் புயலுக்கும் மட்டுமே அதை ஏற்றலாம். முந்தின மாதம் ஒரு பையன், மாமா முறுக்கு வாங்கி வந்திருக்கிறார் என்பதற்காக அதை ஏற்றிவிட்டு ஒரு மத்தியானம் முழுக்க வெயிலில் பாய்மர உச்சியில் நின்றான். எனக்கோ அந்த வாரம் கைப்பட்டை கிடைக்கும் என்று பேச்சு. முப்பது பையன்களுக்கும் தலைவன் என்று காட்டுகிற நீலப் பட்டை. அதை எங்கள் ஊரில் போட்டுக்கொண்டு நடப்பதைப் பற்றி நான் நிறைய யோசித்து வைத்திருந்தேன். கொடிக் கயிற்றைக் கையில் எடுத்தேன். மறுபடி கட்டிவிட்டேன்.

இதில் இன்னொன்றும் உண்டு. சாக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டாலும் சரி, அது உண்மை. எங்கள் ஊரில் சாவு விழுந்தால் மகன் வரும்வரை யாரும் பிணத்தைத் தொட மாட்டார்கள். என் பெரியப்பா இறந்தபோது கொழும்பிலிருந்து மகன் வருவதற்காக இரண்டு நாள் வைத்திருந்தார்கள். ரொம்ப நேரம் வைத்திருக்க முடியாது என்று அப்போதும் எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், சொல்லிக்கொண்டே வைத்திருந்தார்கள். மகன் முகம் பார்க்காமல் ஒரு தாயை எடுத்துவிடுவார்கள் என்று என் புத்திக்கு எட்டவேயில்லை. நான்கு மணிப் படகில் போனால் ஆறு மணிக்கு வீடு, எப்படியும் விடிந்துதானே எடுப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். அவர்கள் வழக்கத்தில் பொழுதைக் கடத்தாமல் அடக்கம் செய்துவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அவர்கள் வீட்டில் செத்தவர்களை என்ன செய்வார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

படகு பன்னிரண்டு மணிக்கு வந்தது. காற்றில்லாததால் பையன்கள் எல்லோரும் தண்ணீரில் இறங்கி அதைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். இடுப்பு வரைக்கும் கால்சட்டை நனைந்திருந்தது. நான் கேப்டனிடம் விறைப்பாகச் சல்யூட் அடித்து, பதினெட்டாம் நம்பரின் தாயார் இறந்த செய்தி வந்திருக்கிறது, நான்கு மணிப் படகில் போக அனுமதி வேண்டும் என்றேன். பதினெட்டாம் நம்பர் எனக்கு ஐந்தடி தூரத்தில் படகின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அவனிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் முறைப்படியே நடந்துகொண்டேன்.

அவன் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தான். கேப்டன் என் பக்கம் திரும்பினார்.

"படகு எதுக்குடா? அது வெறும் கேட்டுடா. கால எடுத்து வெளிய வச்சா ரோடு."

அவர் தன் சைக்கிளை அவனிடம் கொடுத்தார். அவன் நனைந்த கால்சட்டையோடு ஏறிப் போனான். வாசலை அவன் கடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் என் கண்ணுக்குத் தெரிந்த தண்ணீர் அன்று அங்கே இல்லை. புழுதிதான் பறந்தது.

மூன்று நாள் விடுப்பு முடிந்து ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் திரும்பி வந்தான். கொட்டகையில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். அதிகம் சொல்லவில்லை. மத்தியானத் தொழுகைக்கு அழைப்புச் சொல்லும்வரை அம்மாவின் முகத்தை மூடாமல் திறந்து வைத்திருந்தார்களாம். அத்தா என்று அவன் கூப்பிடும் அவன் அப்பா தெருமுனையிலேயே நின்று கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தாராம். அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லித் தூக்கிவிட்டார்கள். இவன் சைக்கிளோடு அடக்கம் செய்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, மண்ணைப் போட்டு மூடி மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அத்தா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாரே தவிர, ஏன் பிந்தினாய் என்று கேட்கவில்லை.

மற்றவர்கள் எழுந்து போன பிறகு அவன் என் பக்கம் திரும்பினான்.

"எங்க கடை அண்ணே அன்னைக்கு எத்தன மணிக்கு வந்தாரு மாப்ள?"

மூன்று நாளாக இந்தக் கேள்விக்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன். உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவும் செய்திருந்தேன். ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது.

"பன்னெண்டுக்குக் கொஞ்சம் முந்தி. நீங்க கரைக்கு வந்துக்கிட்டு இருந்தீக."

அவன் என்னைப் பார்த்தான். "அப்படியா," என்றான். பிறகு தூளியில் ஏறிப் படுத்துக்கொண்டான்.

வாசல் காவலுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. வந்தவர் போனவர், காற்று, வானம், எல்லாவற்றையும் மணியோடு அதில் எழுத வேண்டும். விடுப்பில் போய் வந்தவன், போன நாளிலிருந்து திரும்பிய நாள்வரை உள்ள பக்கங்களை மறுநாள் காலையில் உரக்கப் படித்து, கீழே கையெழுத்துப் போட வேண்டும். கப்பலில் தான் இல்லாதபோது நடந்தது எதுவும் தெரியாமல் யாரும் வேலையில் நிற்கக் கூடாது என்பதற்காக. கைப்பட்டை போட்டவன் பக்கத்தில் நின்று அதைக் கேட்க வேண்டும். கைப்பட்டை எனக்குச் சனிக்கிழமை கிடைத்திருந்தது.

திங்கட்கிழமை எட்டு மணி. கொடி ஏறியிருந்தது. அவன் வாசலில் நோட்டைப் பிரித்தான். என் நீலப் பட்டையை அவன் பார்த்தான். வியாழக்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்து அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. பாடம் ஒப்பிப்பது போன்ற குரலில்தான் படித்தான்.

"பத்து மணி. கரைப் படகு புறப்பட்டது. நான்கு பேர். பத்து பத்து. கரையிலிருந்து ஓர் ஆள். பதினெட்டாம் நம்பருக்கு வீட்டுச் செய்தி. நான்கு மணிப் படகு என்று தெரிவிக்கப்பட்டது."

அங்கே நிறுத்துவான் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

"பத்தரை. காற்று இல்லை. வானம் தெளிவு. பதினொன்று. காற்று இல்லை. வானம் தெளிவு. பதினொன்றரை. காற்று இல்லை. வானம் தெளிவு. பன்னிரண்டு. படகு திரும்பியது. குறிப்பிடும்படி வேறு ஒன்றுமில்லை."

வெள்ளி, சனி, ஞாயிறு பக்கங்களையும் ஒரு சொல் விடாமல் படித்தான். படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டான். மையை ஊதிக் காயவைத்து, நோட்டை மூடி என்னிடம் நீட்டினான்.

"அண்ணே அன்னைக்கே மேலூர்லேருந்து வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு," என்றான். "உன் வாயால கேக்கணும்னுதான் நேத்து கேட்டேன்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. கண்மாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இடுப்பளவு தண்ணிதான் மாப்ள. ஒரு சத்தம் போட்டிருந்தீன்னா நான் எறங்கி நடந்தே வந்திருப்பேன்."

அவன் என்னை மாப்ள என்று சொன்னது அதுதான் கடைசி. மீதமிருந்த ஐந்து வாரமும் பதினோராம் நம்பர் என்றுதான் கூப்பிட்டான். சட்டப்படி அதுதான் சரியான முறை.